தரையில் படுத்த எழுத்தை எழுப்பி நிறுத்தலாமா?

வாசகர் கேள்வி - பதில்

சாலைப் பலகைகளிலும் தார்ச்சாலையின் மேலேயும் இருக்கும் எழுத்துகளிலிருந்து பிறந்த எழுத்துருக்களைப் பற்றிக் கடந்த இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். ‘சாலையில் இருக்கும் எழுத்தை அப்படியே கொண்டுவந்து போஸ்டரில் ஒட்டினால் வேலைக்கு ஆகாது’ என்று அதில் ஒரு வரி வந்தது. கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதே பேச்சு.

*

கேள்வி: எழுத்தை இழுத்து நீட்டாதே, நசுக்காதே என்று டிசைன் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சாலையில் எழுதியிருப்பது எல்லாமே இழுத்து நீட்டிய எழுத்துதானே? அங்கே மட்டும் அது எப்படிச் சரியாகிறது?

பதில்: நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மணிக்கு 40 மைல் வரை வேகம் அனுமதிக்கப்பட்ட சாலைகளில் தரையில் எழுதும் எழுத்தின் நீளம் 1.6 மீட்டர், அதைவிட வேகமான சாலைகளில் 2.8 மீட்டர். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டர் தூரத்தில் வரும்போது அந்த 2.8 மீட்டர் எழுத்து அவர் கண்ணுக்கு எவ்வளவு உயரமாகத் தெரியும்? அதே இடத்தில் நட்டுவைத்த வெறும் 10 சென்டிமீட்டர் அட்டை அளவுக்குத்தான். ஓர் ஆள் படுத்தால்கூட மிச்சம் இருக்கும் அவ்வளவு பெரிய எழுத்து, உள்ளங்கை அளவாகச் சுருங்கிப்போகிறது. அகலம் மட்டும் சுருங்குவதில்லை. ஆக, நீட்டும் வேலையைச் சாலை போடுகிறவர் செய்கிறார், நசுக்கும் வேலையைப் பார்வைக் கோணம் செய்கிறது, இரண்டும் சேர்ந்துதான் படிக்கிற மாதிரி ஓர் எழுத்து கிடைக்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. வண்டி 10 மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டால் அதே எழுத்து 26 சென்டிமீட்டர் உயரமாகத் தெரியும். அதாவது நெருங்க நெருங்க எழுத்து தன் உருவத்தை மாற்றிக்கொண்டே வருகிறது. எந்தத் தூரத்திலிருந்து பார்ப்பது சரியான உருவம் என்று கேட்டால் பதிலே கிடையாது. போஸ்டரில் இருக்கும் எழுத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதை எல்லோரும் நேராகத்தான் பார்க்கப்போகிறார்கள். அங்கே நசுக்குவதற்கு எதுவும் இல்லாதபோது நீட்டல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் ஆசிரியர் சொன்னது இதைத்தான், அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஒரு விடியற்காலையில் சாலையில் எழுத்துப் போடுகிறவர்களின் வேலையை நின்று பார்த்திருக்கிறேன். தெர்மோபிளாஸ்டிக் என்ற பொருளை 200 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ச்சி, கூழ் மாதிரி ஆனதும் ஒரு சின்னப் பெட்டியில் ஊற்றி, சுண்ணாம்பால் குறித்த கோட்டின் மேல் அந்தப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆறுவதற்குள் மேலே கண்ணாடி மணிகளைத் தூவினார்கள், சர்க்கரையைவிடப் பொடி. இரவில் வண்டி விளக்கின் வெளிச்சம் அந்த மணிகளுக்குள் புகுந்து, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திரும்புவதால்தான் எழுத்து மின்னுகிறது. ஆறிய பிறகு குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பெட்டி நேராகத்தான் ஒழுங்காகப் போகும் என்பதால் வளைவு வருகிற இடத்தையெல்லாம் நாலைந்து நேர்கோடுகளாக உடைத்துப் போட்டிருந்தார்கள். மூலையில் ஒரு துண்டு இன்னொரு துண்டின் மேல் லேசாக ஏறி நின்றது. சாலை எழுத்தை மாதிரியாக வைத்து எழுத்துரு வரைகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவைதான் என்பேன். உடைந்த வளைவு, வெட்டிய மூலை, அப்புறம் தடித்த படுக்கைக் கோடு.

அந்தப் படுக்கைக் கோட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். சாதாரண எழுத்துருவில் நிற்கிற கோடு தடிப்பாகவும் படுக்கிற கோடு ஒரு நூல் மெல்லிசாகவும் இருக்கும், சாலையில் இது தலைகீழ். படுத்த கோடுதான் கண்ணுக்கு நசுங்கித் தெரியும் என்பதால் அதைப் பல மடங்கு தடிப்பாகப் போடுகிறார்கள். நேராக நிறுத்திப் பார்த்தால் மேலும் கீழும் செங்கல் அடுக்கி, நடுவில் குச்சி நட்ட மாதிரி இருக்கும். இந்த விசித்திரம் ஒரு பெரிய தலைப்பில் அழகு, நான்கு வரிப் பத்தியில் தலைவலி. என் கணக்கு இதுதான்: நீட்டலை வெகுவாகக் குறைத்துக்கொள்ளுங்கள், தலைகீழ்த் தடிப்பை ஓரளவு வைத்துக்கொள்ளுங்கள், வெட்டிய மூலையை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவருக்குச் சாலை ஞாபகம் வர அது போதும்.

*

கேள்வி: சாலையிலிருந்து வந்த எழுத்துருக்கள் என்று எவற்றைச் சொல்லலாம்? காசு கொடுக்காமல் பயன்படுத்த ஏதாவது உண்டா?

பதில்: முதலில் சொல்ல வேண்டியது இன்டர்ஸ்டேட். அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளில் இருக்கும் எழுத்தை ஹைவே கோதிக் என்று சொல்வார்கள், அதை வைத்து டோபியாஸ் ஃப்ரியர்-ஜோன்ஸ் 1990-களின் தொடக்கத்தில் வரைந்தது. பலகையில் இருந்ததை அவர் அப்படியே நகல் எடுக்கவில்லை. கோட்டின் நுனிகளைச் சாய்வாக வெட்டினார், இடைவெளிகளை அச்சுக்கு ஏற்ற மாதிரி திரும்பப் போட்டார், அதனால்தான் பத்திரிகைத் தலைப்பிலும் அது நிற்கிறது. ஜெர்மனியில் 1936-ல் வந்த டின் 1451 என்ற தர அளவு எழுத்து, கட்டம் போட்ட தாளில் ஸ்கேலும் காம்பஸும் வைத்து யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று எண்ணி உருவாக்கப்பட்டது, அங்கே சாலைப் பலகைகளிலும் அதுதான். 1995-ல் ஆல்பர்ட்-யான் பூல் அதைச் செதுக்கி எஃப்எஃப் டின் என்று கொடுத்தார். எஃப்எஃப் டின், இன்டர்ஸ்டேட் இரண்டையுமே நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2011-ல் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

காசில்லாமல் வேண்டுமென்றால் ஓவர்பாஸ். ஹைவே கோதிக்கை அடிப்படையாக வைத்து டெல்வ் விதிரிங்டன் வரைந்தது, ரெட் ஹேட் என்ற மென்பொருள் நிறுவனம் செலவு செய்து 2011-ல் வெளியிட்டது. திறந்த உரிமம், கூகுள் ஃபான்ட்ஸில் எடுத்துக்கொள்ளலாம், மெல்லிசிலிருந்து தடிப்பு வரை பல அளவுகள் இருக்கின்றன. திரையில் படிக்கவும் நன்றாகவே இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை எடுத்துப் பழகுங்கள், அப்புறம் மற்றதற்குப் பணம் போடலாம்.

ஒரு விஷயம், மேலே சொன்ன எல்லாமே பலகை எழுத்தின் வாரிசுகள். தரை எழுத்தின் வாரிசுகள் வேறு ஜாதி, நெடிதுயர்ந்த தலைப்பு எழுத்துகள். கடையில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

*

கேள்வி: பிரிட்டன் அரசின் இணையதளத்தில் இருக்கும் எழுத்து எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதை என் வாடிக்கையாளருக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கவ்.யூகே தளத்தில் இருப்பது அந்த அரசு சேவைகளுக்காக மட்டும் உரிமம் வாங்கிய எழுத்து. அதன் தாய், எழுத்து வடிவமைப்பாளர்களான மார்கரெட் கால்வர்ட்டும் ஹென்ரிக் கூபெலும் சேர்ந்து செய்த நியூ டிரான்ஸ்போர்ட், பிரிட்டன் சாலைப் பலகை எழுத்தின் புது வடிவம். அந்தச் சாயல் வேண்டுமென்றால் முறையாக உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மேலே சொன்ன ஓவர்பாஸைப் பாருங்கள்.

*

கேள்வி: பலகையில் தூரத்திலிருந்து தெரிய வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் எல்லாமே பெரிய எழுத்தாகப் போடுவதுதானே நல்லது? எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள், டிசைனர்கள்தான் மறுக்கிறார்கள்.

பதில்: இதே சண்டை 1950-களின் கடைசியில் பிரிட்டனில் நாடறிய நடந்தது. அங்கே முதல் மோட்டார்வே, அதாவது அதிவேக நெடுஞ்சாலை, 1958 டிசம்பரில் பிரஸ்டன் நகரைச் சுற்றித் திறக்கப்பட்டது, அதில்தான் ஜாக் கின்னேரும் அவரிடம் மாணவியாக இருந்து உதவியாளராகச் சேர்ந்த மார்கரெட் கால்வர்ட்டும் வரைந்த எழுத்து முதலில் சோதனைக்கு வந்தது. பின்னால் டிரான்ஸ்போர்ட் என்று பெயர் பெற்றது அதுதான். முதல் எழுத்து பெரிதாகவும் மற்றவை சின்னதாகவும் போட்டார்கள். கல்லில் எழுத்து செதுக்குகிறவரான டேவிட் கிண்டர்ஸ்லிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. முழுக்கப் பெரிய எழுத்து, அதுவும் நுனியில் சின்னக் கால் வைத்த எழுத்துதான் பலகைக்கு ஏற்றது, அதே இடத்துக்குள் இன்னும் தூரத்திலிருந்து தெரியும் என்று வாதாடினார், சொன்னதோடு நிற்காமல் அப்படி ஓர் எழுத்தை வரைந்தும் காட்டினார்.

சரி, சோதித்துவிடலாம் என்று சாலை ஆராய்ச்சிக் கூடத்தார் இறங்கினார்கள். ஒரு விமானத் தளத்தில் விமானப்படை ஆட்களை உட்காரவைத்து, கார் கூரையில் பலகையைக் கட்டி அவர்களை நோக்கி ஓட்டிவந்து, யார் எந்தத் தூரத்தில் படிக்கிறார்கள் என்று குறித்தார்கள். முடிவில் கிண்டர்ஸ்லியின் எழுத்து ஏறக்குறைய 3 சதவீதம் முன்னால் வந்தது! ஆனால் அவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காக முடிவை மாற்ற வேண்டியதில்லை, பார்வைக்கு எது நன்றாக இருக்கிறதோ அதையே வைக்கலாம் என்று கின்னேர்-கால்வர்ட் எழுத்தே தேர்வானது. 1965 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் அதுவே சட்டமானது, இன்றைக்கும் அதுதான்.

இந்தக் கதையை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளரிடம் ‘பெரிய எழுத்து படிக்க முடியாது’ என்று சொன்னால் அது பொய், ஒரே ஒரு சொல்லைத் தூரத்திலிருந்து காட்ட அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பலகையைப் பார்க்கிற ஓட்டுநர் பெரும்பாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, தான் தேடும் ஊர்ப் பெயர் அங்கே இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். ஏறி இறங்கும் எழுத்துகளில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வெளிக்கோடு வந்துவிடுகிறது. பெரிய எழுத்தில் எல்லாப் பெயரும் ஒரே செவ்வகப் பெட்டி. உங்கள் டிசைனில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று இரண்டு என்றால் வாடிக்கையாளர் கேட்டபடியே போட்டுவிடலாம். பத்துப் பன்னிரண்டு பெயர் கொண்ட பட்டியல் என்றால் டிசைனர் பக்கம்தான் நான்.

*

கேள்வி: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துப் போட்டால் எழுத்து ஏன் ஊதிப்போன மாதிரி தெரிகிறது? என் கண்ணில்தான் கோளாறா?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். வெளிச்சமான பகுதி இருட்டான பகுதிக்குள் கசிந்த மாதிரி தெரியும். டிரான்ஸ்போர்ட் எழுத்தில் இதற்காகவே இரண்டு தடிமன் வைத்தார்கள். நீலம், பச்சைப் பலகைகளில் வெள்ளை எழுத்துக்கு மெல்லிசான மீடியம், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துக்குத் தடிப்பான ஹெவி. எட்டி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே தடிப்பாகத் தோன்றும்.

இரவில் இது இன்னும் மோசம். பிரதிபலிக்கும் பலகையில் விளக்கு வெளிச்சம் அடிக்கும்போது எழுத்துக்குள் இருக்கும் ஓட்டைகள் ஒளியால் அடைபட்டுப்போகும், வயதானவர்களுக்கு இன்னும் அதிகம். அமெரிக்காவில் டான் மீக்கர், ஜேம்ஸ் மான்டல்பானோ ஆகியோர் உள்வெளியை நன்றாகத் திறந்துவிட்டு கிளியர்வியூ என்ற எழுத்தைக் கொண்டுவந்தது இதற்காகத்தான். 2004-ல் அதற்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது, 2016 ஜனவரியில் அதை ரத்து செய்தார்கள், 2018-ல் திரும்பவும் கொடுத்தார்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தாகப் போட்டபோது அது பழைய ஹைவே கோதிக்கைவிடச் சுமாராகவே இருந்தது என்பதும் அந்த விவாதத்தில் வந்தது. ஒரு சூழலுக்கென்று செதுக்கியதை வேறு சூழலில் வைத்தால் அப்படி ஆகத்தான் செய்யும்.

எனக்கு இது ஒரு போஸ்டரில் அனுபவம். திரையில் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து ஊதித் தெரிகிறது என்று தடிமனை ஒரு படி குறைத்து அச்சுக்கு அனுப்பினேன். வந்து பார்த்தால் எழுத்தின் மெல்லிய இடங்களில் கறுப்பு மை உள்ளே பரவி, தலைப்பே இளைத்துப்போயிருந்தது. திரையில் வெள்ளைதான் வெளிச்சம், அது கசிகிறது. காகிதத்தில் கறுப்புதான் மை, அது பரவுகிறது. இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து திரைக்கு மட்டும்தான் தடிமனைக் குறைக்கிறேன். அச்சுக்கு மாதிரித் தாள் ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு.

*

கேள்வி: நாவல் ஒன்றின் உள்பக்கங்களை இன்டர்ஸ்டேட்டில் அமைக்க ஆசை. கதை முழுக்கப் பயணம் பற்றியது.

பதில்: அட்டையிலும் அத்தியாயத் தலைப்பிலும் போடுங்கள், உள்ளே வேண்டாம். இரண்டு மூன்று சொற்களை ஒரு நொடியில் படிக்கப் பிறந்த எழுத்து அது, முந்நூறு பக்கம் அதோடு உட்கார்ந்தால் கண் களைத்துவிடும்.

*

கேள்வி: வண்டி எண் பலகையில் ஜெர்மனியில் எழுத்துகள் ஏன் கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கின்றன? அதையும் டிசைனில் பயன்படுத்துகிறார்களே.

பதில்: வேண்டுமென்றே அப்படி வரைந்தது. கறுப்பு மை கொஞ்சம் பூசி ‘பி’யை ‘ஆர்’ ஆக்குவது, ‘3’-ஐ ‘8’ ஆக்குவது போன்ற தில்லுமுல்லுகளைத் தடுக்க, ஒவ்வொரு எழுத்துக்கும் தனி முகம் கொடுத்தார் கார்ல்கேயோர்க் ஹோஃபர். அழகுக்காக வரைந்தது அல்ல, ஆனாலும் சிறிய அளவில் அங்கங்கே தெளித்தால் ஒரு முரட்டு அழகு வருகிறது என்பது உண்மை.

*

கேள்வி: தமிழில் சாலை எழுத்தை வைத்து எழுத்துரு வரைய முயன்றுகொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தை நீட்டின மாதிரி நீட்டினால் சில எழுத்து அழகாக வருகிறது, சில எழுத்து அலங்கோலமாகிவிடுகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு என்று எதுவும் இல்லை, நம் எழுத்தின் இயல்பு அப்படி. ‘ப’, ‘ட’, ‘ம’, ‘ர’ எல்லாம் நிமிர்ந்து நிற்கிற கோடும் படுத்த கோடுமாகக் கட்டப்பட்டவை, எவ்வளவு நீட்டினாலும் தாங்கும். சொல்லப்போனால் ‘ப’ மாதிரி சாலைக்கென்றே பிறந்த எழுத்து வேறு இல்லை. இரண்டு தூண், அடியில் ஒரு தடித்த விட்டம், அவ்வளவுதான். ஆனால் ‘இ’, ‘ஐ’, ‘ஞ’, ‘ஜ’ எல்லாம் சுழித்துச் சுழித்துப் போகிறவை. அவற்றை ஒரே கணக்கில் நீட்டினால் சுழிகள் ஊசிக்காதாகிவிடும். அதனால் எல்லா எழுத்தையும் ஒரே சதவீதத்தில் இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். நேர்கோட்டை நீட்டுங்கள், சுழியை அதிகம் தொடாதீர்கள். ஒரு பூவுக்குக் காம்பு நீண்டாலும் பூ அதே அளவில்தான் இருக்கும், அந்த மாதிரி.

அடுத்து, தூரத்தில் ஒன்றையொன்று போல் தெரிகிறவற்றைப் பட்டியல் போடுங்கள். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் முதல் சந்தேகப் பேர்வழிகள், சுழிகளுக்கு இடையே வெளி இல்லையென்றால் ஒரே கறுப்புத் திட்டுதான். ‘ர’வும் துணைக்காலும் அடுத்த ஜோடி. ‘ர’வின் அடியில் வரும் சாய்ந்த கீற்றைத் தைரியமாக நீட்டினால்தான் இரண்டும் பிரியும். டிரான்ஸ்போர்ட்டில் ஆங்கிலச் சின்ன ‘எல்’லின் அடியை வளைத்துவிட்டிருப்பதும் இதே காரணத்துக்குத்தான், இல்லையென்றால் அது பெரிய ‘ஐ’யாகத் தெரியும். அப்புறம் ‘கி’, ‘கீ’. மேலே போகும் கொக்கியில் அந்தச் சின்னச் சுழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் குறில் நெடில் வித்தியாசமே, அதைக் கூச்சப்படாமல் பெரிதாகப் போடுங்கள்.

புள்ளி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘நில்’ என்ற சொல்லில் புள்ளி தெரியாமல் போனால் ‘நில’ என்று ஆகிவிடும், வண்டி நிற்காது. தரையில் எழுதும்போது வட்டமாகப் புள்ளி வைத்தால் ஓட்டுநருக்கு அது மெல்லிய கீற்றாகத்தான் தெரியும், வட்டமாகத் தெரிய வேண்டுமென்றால் வெள்ளரிக்காய் மாதிரி நீளமாக வைக்க வேண்டும். உங்கள் எழுத்துருவிலும் அந்த நீளப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம். பக்கத்தில் பார்க்கிறவருக்கு ‘இது ஏன் இப்படி’ என்று ஒரு கேள்வி வரும், அது தரையிலிருந்து வந்த எழுத்து என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. இடைவெளியிலும் கைவையுங்கள். கின்னேரும் கால்வர்ட்டும் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கற்பனை ஓட்டின் (டைல்) மேல் வைத்து, இரண்டு பக்கமும் எவ்வளவு வெளி என்பதை அந்த ஓட்டிலேயே அடக்கிவிட்டார்கள். பலகை செய்கிறவர் ஓடுகளை ஒட்டி ஒட்டி வைத்தாலே இடைவெளி சரியாக வந்துவிடும். நம் கொம்பும் காலும் தனித்தனி ஓடுகளாக வரும்போது ‘கொ’ என்ற எழுத்து மூன்று துண்டாகச் சிதறிவிடாமல், நடுவில் இருக்கும் வெளியைக் குறைத்தும் வெளிப்பக்கம் அதிகமாகவும் வையுங்கள்.

வரைந்ததைத் திரையில் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஏ4 தாளில் எழுத்து 23 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம் வருகிற மாதிரி ‘நில்’ என்று அச்செடுங்கள். தாளை வழவழப்பான தரையில் ஒட்டிவிட்டு, இரண்டரை மீட்டர் தள்ளி, முகவாய் தரையில் படுகிற மாதிரி படுத்துப் பாருங்கள். கண் தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 30 மீட்டர் தூரத்தில் காரில் வருகிறவரின் பார்வை அப்படியே கிடைத்துவிடும். பிறகு முழங்கையை ஊன்றி மெதுவாக முன்னால் நகருங்கள். எந்த இடத்தில் புள்ளி முதலில் கண்ணுக்குப் பிடிபடுகிறது என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், ‘ல’வின் சுழி எங்கே திறக்கிறது என்று இன்னொரு கோடு. புள்ளியின் கோடு சுழியின் கோட்டைவிடத் தாளுக்குப் பக்கத்தில் விழுந்தால், புள்ளியை இன்னும் நீட்டி வரைந்துகொண்டு மறுபடி படுங்கள்.